கார் சீட்டை விட்டுக் கர்ட்டனுக்கு வந்த கதை

கர்ட்டன் துணி விற்கிற தொழிலில் ஒரு சங்கடம் உண்டு: கடையில் பார்த்த நிறம் வீட்டு ஜன்னலுக்குப் போனதும் வேறாகிவிடும், வசவு மட்டும் நிறம் மாறாமல் நமக்கே திரும்பி வரும். நீங்களும் ஒரு தடவையாவது மெத்தை விரிப்புக்கும் தலையணை உறைக்கும் ஜோடி சேர்க்கப் போய், கடைசியில் வீட்டுக்காரரோடு பேச்சை நிறுத்தியிருப்பீர்கள். அப்படியானால் நீங்கள் நம்ம கட்சி. தைரியமாக மேலே படியுங்கள்.

நான் ஒரகடத்தில் கார் சீட் உறை தைக்கும் கம்பெனியில் தையல் லைனில் இருந்தவள். கருப்பு, சாம்பல், அதை விட்டால் மண் நிறம். வருஷக்கணக்கில் இந்த மூன்றையே தைத்துத் தைத்து, கிளிப்பச்சையில் ஒரு துணியைக் கண்டாலே எனக்குக் கை பரபரக்கும். நாலுவழிச் சாலை வந்து, சுற்றிலும் வாடகை ரூம்களும் புது வீடுகளும் முளைத்துக்கொண்டிருந்த சமயம் அது. கம்பெனி பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஜன்னல்களைத்தான் பார்ப்பேன். பாதி ஜன்னலில் பழைய லுங்கி, மீதியில் செய்தித்தாள். இத்தனை ஜன்னலுக்கும் யாராவது துணி கொடுக்க வேண்டாமா? ஒரு மெஸ்ஸுக்கும் செல்போன் ரீசார்ஜ் கடைக்கும் நடுவே இடம் கிடைத்ததும் வேலையை விட்டுவிட்டேன்.

என் கணவர் சேகர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். எதையும் தூக்குவதற்கு முன் எங்கே இறக்குவது என்று பார்க்கிற மனிதர். அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: தீபாவளிக்குள் கடை காலூன்ற வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி லைனுக்குப் போய்விட வேண்டும். லைன் சூப்பர்வைசர் மேரி மேடமும், தீபாவளி வரைக்கும் என் மெஷினில் வேறு ஆளை உட்கார வைக்கமாட்டேன், போய்ப் பார்த்துவிட்டு வா என்று சொல்லி அனுப்பினார். அந்த வாக்கைப் பிடித்துக்கொண்டுதான் ஷட்டரைத் தூக்கினேன்.

கடல் என்று நினைத்து வாங்கியது

முதல் சரக்கு எடுக்கச் சென்னைப் பாரிமுனைக்குப் போனேன். மொத்தக் கடைகளில் துணியைப் பிரித்துப் போடப் போட எனக்குத் தலைகால் புரியவில்லை. அங்கே கேஸ்மென்ட் என்கிற தடித்த பருத்தித் துணி ஒன்று கண்ணில் பட்டது. நல்ல கனம், நீலமும் சாம்பலும் கலந்த நிறம். கடற்கரையில் மழைக்கு முன்னால் தண்ணீர் இருக்குமே, அந்த நிறம். ஆசை யாரை விட்டது? கட்டிவைத்த முழு பேலையும் அள்ளிக்கொண்டு வந்து கடை முகப்பில் அடுக்கி வைத்தேன்.

வந்தவர்கள் எல்லோரும் அதைத் தொட்டார்கள். தொட்டவர்கள் எல்லோரும் கையை எடுத்துவிட்டு அடுத்த துணிக்குப் போனார்கள். எனக்குக் காரணமே விளங்கவில்லை. கனத்தைச் சொல்லிப் பார்த்தேன், சாயம் போகாது என்று சொல்லிப் பார்த்தேன். கடைசியில் படப்பையிலிருந்து ஒரு புது ஜோடி வந்தது. அதில் கணவர் ஷிஃப்ட் முடிந்து உடை மாற்றாமல் அப்படியே வந்திருந்தார். துணியை விரித்து அவர் பக்கத்தில் பிடித்தேன். துணி எங்கே முடிகிறது, அவர் சட்டை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேர் உடுத்தியிருந்த யூனிஃபார்மை நான் கடல் என்று நினைத்து வாங்கி வந்திருக்கிறேன்! அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டுச் சொன்னாள்: "இத்த வூட்ல மாட்டிகினா, இவுரு காலைல எய்ந்து கர்ட்டனுக்கு குட் மார்னிங் சார்னு சொல்வாருக்கா."

பகலை இருட்டாக்கியது

கோவில்பட்டிப் பக்கத்துப் பையன்கள் மூன்று பேர், ஒரே ரூம், மூன்று ஷிஃப்ட். ஒருவன் எழுந்து போகும்போது இன்னொருவன் வந்து படுப்பான். அவர்களில் முருகன் என்பவன் கண் சிவக்க வந்து நின்றான். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து படுத்தால் வெயில் நேராக முகத்தில் அடிக்கிறதாம். ரூம் இருட்டாக வேண்டும். ஆனால் கருப்புத் துணி கூடாது, எழவு வீடு மாதிரி இருக்கும் என்றான்.

இந்த மாதிரி சிக்கல் வந்தால் எனக்குச் சாப்பாடு வேண்டாம். மஞ்சள் பூப்போட்ட காட்டனை முன்னால் வைத்தேன். பின்னால் யாருக்கும் வேண்டாத அந்த யூனிஃபார்ம் கேஸ்மென்ட். வெளிச்சம் நின்றுவிட்டது, ஆனால் பின் துணியின் நிழல் பட்டு மஞ்சள் பூவெல்லாம் வாடிப்போனது போல் அழுக்காகத் தெரிந்தது. துணியோடு துணி சேர்க்கிறவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் ஒருமுறை முட்டிக்கொண்டிருப்பீர்கள். யோசித்து, நடுவில் மெல்லிய வெள்ளை மல் துணி ஒன்றைக் கொடுத்தேன். பூ பளிச்சென்று முகம் கழுவிக்கொண்டது! கடையில் தனியாக நின்று கைதட்டினேன் என்று சொன்னால் நம்புவீர்களோ மாட்டீர்களோ. சீட் லைனில் தோல், ஃபோம், வலை என்று மூன்றடுக்குத் தைத்த கைக்கு இது தண்ணீர் பட்ட பாடு.

மாட்டிக் கொடுத்த இரண்டாம் நாள் முருகன் திரும்பி வந்தான். அடித்துப் போட்டது போல் தூங்கி, கம்பெனி பஸ்ஸைக் கோட்டைவிட்டிருக்கிறான். திட்டப்போகிறான் என்று நினைத்தேன். அவன் பரம திருப்தியாக, பக்கத்து ரூமுக்கும் இதே போல் வேண்டும் என்று அளவைக் கொடுத்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்: "ஆனா யக்கா, எங்களுக்கு மட்டும் ஓரத்துல ஒரு சின்ன ஓட்டை போட்டுத் தாங்க, பொழுது அடைஞ்சிட்டான்னு பாத்துக்கிடுதோம்."

பாஸும் ஹோல்டும்

அந்த மூன்றடுக்குக் கர்ட்டன் ரூம் ரூமாகப் பரவி, பேல் முக்கால்வாசி தீர்ந்தது. ஆனால் ரூம் பையன்களின் ஒற்றை ஜன்னல்களை வைத்துக் கடையின் வாடகையைத் தாண்ட முடியவில்லை. வீடுகள் வர வேண்டும். அப்போதுதான் குன்றத்தூரிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். கணவர் ஒரு கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். அந்த அம்மாளுக்குச் சிவப்பில் உயிர். கடுகு மஞ்சளோடு சேர்த்து நான் விரித்துக் காட்டியதும் முகம் மலர்ந்துவிட்டது.

கணவர் ஒப்பவில்லை. சிவப்பு என்றால் கழித்த சரக்கைப் போடும் ரிஜெக்ட் தொட்டியின் நிறமாம். மஞ்சள் என்றால் முடிவு சொல்லாமல் ஹோல்டில் நிறுத்தி வைத்த சரக்காம். வீட்டுக்குள் நுழைந்ததும் ரிஜெக்டும் ஹோல்டும் கண்ணில் பட்டால் ஏற்கெனவே இருக்கிற ரத்த அழுத்தம் என்ன ஆவது என்று கேட்டார். அவர் மனசுக்குப் பச்சை ஒன்றுதான் பாஸ். விடுவேனா? பச்சையில் கர்ட்டன், அதன் ஓரத்தில் விரல் அகலத்துக்குச் சிவப்புப் பட்டி. பச்சைப் பக்கத்தில் நின்ற அந்தச் சிவப்பு, தனியாக இருந்ததைவிட அழகாக எரிந்தது. அவர் பையிலிருந்து ஸ்டீல் ஸ்கேலை எடுத்துப் பட்டியின் அகலத்தை மேலும் கீழும் அளந்து பார்த்து, தலையை ஆட்டினார். அந்த அம்மாள் பணத்தை எண்ணிக் கொடுத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "துணி ஒரே நாள்ல பாஸாயிடுச்சிம்மா, நான்தான் கல்யாணம் ஆன நாள்லேர்ந்து ஹோல்டுலயே கீறேன்."

சேரப்பணஞ்சேரி வெல்வெட்

தீபாவளி நெருங்க நெருங்க, வியாபாரம் எப்படி என்று சேகர் கேட்பதை நிறுத்திவிட்டார். கேட்காமல் இருப்பதுதான் இன்னும் பயமாக இருந்தது. அந்தச் சமயத்தில் சேரப்பணஞ்சேரியிலிருந்து வள்ளியம்மாள் வந்தார். விவசாயக் குடும்பம், மகன்கள் இரண்டு பேரும் ஃபேக்டரியில். புது வீடு கட்டி கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. முழு வீட்டுக்கும் துணி, கூடம் மட்டும் ஜொலிக்க வேண்டும். எனக்கு உள்ளே மத்தாப்பு கொளுத்தியது போல் இருந்தது. இந்த ஒரு வீடு நன்றாக அமைந்தால் விசேஷத்துக்கு வருகிற உறவு முழுக்க என் கடைக்கு வரும், சொதப்பினால் லைன்தான். கூடத்துக்கு அரக்கு வெல்வெட், நடுவே தங்க நிறத்தில் மெல்லிய டிஷ்யூ துணி என்று முடிவு செய்தோம்.

அது கரண்ட் அடிக்கடி போன காலம். ஷட்டர் வழியே வந்த வெளிச்சத்திலேயே துண்டுகளை வெட்டி, கால் மெஷினில் தைத்து, விசேஷத்துக்கு முதல் நாள் மாட்டப் போனேன். மாட்டிவிட்டுப் பின்னால் வந்து பார்த்தேன். பாதித் துணி கருஞ்சிவப்பு, பாதி வெளிறிய சிவப்பு. வெல்வெட்டின் ரோமம் மேல் நோக்கி இருந்தால் ஒரு நிறம், கீழ் நோக்கி இருந்தால் ஒரு நிறம். நான் தலையும் வாலும் பார்க்காமல் தைத்துவிட்டேன். கம்பெனியில் வெட்டுகிறவர்கள் ஒவ்வொரு துண்டிலும் அம்புக்குறி ஒட்டித்தான் அனுப்புவார்கள். அந்த அம்பு ஏன் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. இங்கே வெட்டுகிற டிபார்ட்மென்ட்டும் நானே, ஒட்டத்தான் ஆள் இல்லை. இரண்டு வேறு துணியைக் கொடுத்து ஏமாற்றிவிட்டேன் என்று வள்ளியம்மாள் குரலை உயர்த்தினார். பிரித்துத் தைக்கவும் வழியில்லை. வெல்வெட்டில் ஊசி போன தடம் போகாது.

ஆனால் முக்காலி மேல் நின்று அந்த இரண்டு நிறத்தையும் பார்க்கப் பார்க்க வேறொன்று தோன்றியது. எல்லாவற்றையும் கழற்றினேன். ஒவ்வொரு ஜன்னலிலும் இடப்பக்கம் கருத்தது, வலப்பக்கம் வெளிறியது, நடுவில் டிஷ்யூ. ஜோடி சேராமல் மிஞ்சிய கருத்த துணிகளைச் சாமி அறை வாசலுக்குக் கொடுத்தேன். கடைசிக் கம்பியை ஏற்றிவிட்டுத் திரும்பினால், கூடம் முழுக்கக் கருஞ்சிவப்பும் வெளிர்சிவப்புமாக அலையடிக்கிறது! அய்யோ, நானே திட்டம் போட்டிருந்தால்கூட இவ்வளவு அழகாக வந்திராது. வள்ளியம்மாள் லைட்டைப் போட்டுப் போட்டு அணைத்துப் பார்த்தார். மறுநாள் சாப்பாட்டுப் பந்தியில், வாலாஜாபாத்திலிருந்து வந்த அவருடைய நாத்தனார் இந்த மாதிரி துணி எங்கே கிடைக்கிறது என்று கேட்டார். நான் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தேன். வள்ளியம்மாள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: "ஒரே துணில ரெண்டு கலர் வர்ற மாதிரி வோணும்னு நான்தான் சொல்லி செய்ய வெச்சேன்."

மேரி மேடம் வந்த சாயங்காலம்

அதற்குப் பிறகு கடைக்கு அளவுச் சீட்டோடு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். எல்லோரும் கேட்டது அதே இரண்டு நிற வெல்வெட். இப்போது ஒவ்வொரு துண்டின் பின்னாலும் சாக்பீஸால் நானே அம்புக்குறி போட்டு, பாதியை வேண்டுமென்றே தலைகீழாகத் தைத்தேன்.

தீபாவளிக்கு முந்தின வாரம், ஜெனரல் ஷிஃப்ட் பஸ் நின்றது. மேரி மேடம் யூனிஃபார்மோடு இறங்கி நேராக என் கடைக்கு வந்தார். கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். என்னைக் கூப்பிட்டுப் போக வந்திருக்கிறார், கெடு முடிகிறது. அவரோ ரேக் ரேக்காகத் துணியைத் தொட்டுப் பார்த்தார். கிளிப்பச்சையை எடுத்தார், அதோடு ஒரு மஞ்சளை வைத்தார், எடுத்தார், வேறு மஞ்சளை வைத்தார். என் லைனில் என்னை ஒரு நிமிஷம் நிமிரவிடாத மனுஷி, கடையில் நின்று சின்னப் பெண் போல் நிறம் சேர்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. வாக்குக் கொடுத்து மெஷினைக் காத்து வைத்தவரிடம் நன்றி கெட்டவளாகிறோமே என்ற உறுத்தலோடுதான் சொன்னேன்: இனி நான் லைனுக்கு வரப்போவதில்லை, என் மெஷினை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

மேடம் துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அடிப்போடி, நீ போன மறு வாரமே அதுல வேற பொண்ணு உட்காந்துட்டா. சொன்னா கடைய வுட்டுட்டு அழுதுகினு ஓடி வருவேன்னுதான் சொல்லல. அந்த மஞ்சள்ல ஒரு அரை மீட்டர் சேத்து வெட்டு."

லைனில் என் மெஷின் முன்னால் ஸ்டூல் காலியாக இருக்கிறது என்ற நம்பிக்கையிலேயே அத்தனை மாசம் கடையில் நின்று பழகியவள் நான். ஸ்டூலே கிடையாது என்று தெரிந்த அன்றைக்குக் கால் வலிக்கவில்லை, மஞ்சளை அரை மீட்டர் சேர்த்தே வெட்டினேன்.