எல்லாரும் இருக்கிறார்கள், சேதியைச் சொல்லுங்கள்

நான் வேலை பார்த்த ராஜபாளையத்துக் கம்பெனியில் ‘இல்லை’ என்று யாரும் சொல்லக் கூடாது. ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் பேண்டேஜ் துணியை நெய்து, சுருட்டி, பெட்டி போட்டு அனுப்புகிற கம்பெனி. சரக்கு தீர்ந்துபோயிருந்தால் ‘நாளைக்கு வருது’ என்போம். முதலாளி வெளியூர் போயிருந்தால் ‘வந்துக்கிட்டே இருக்காக’ என்போம். வியாபாரம் நடக்கிற இடத்தில் அந்தச் சொல்லைச் சொன்னால் அது அங்கேயே பாய் விரித்துப் படுத்துக்கொள்ளும் என்பது முதலாளியின் நம்பிக்கை. அவர் வீட்டில் பேசுவது தெலுங்கு. ஆகவே ‘லேது’வுக்கும் சேர்த்தே தடை.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகும் டைப்பிஸ்ட். டைப் அடிப்பது, டெலிபோன் எடுப்பது, முதலாளிக்கு ஞாபகம் வராததை ஞாபகப்படுத்துவது எல்லாம் என் வேலை. வயது இருபத்தெட்டு. எங்கள் தெருவில் என் வயதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள், எனக்கு ஏதோ சொல்லக் கூடாத வியாதி இருப்பதுபோல.

தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள் முதலாளியின் மருமகன் சிங்கப்பூரிலிருந்து ஒரு கறுப்புப் பெட்டியைக் கொண்டுவந்து டெலிபோனுக்குப் பக்கத்தில் வைத்தார். நாம் எடுக்காவிட்டால் அது எடுக்கும். உள்ளே இரண்டு குட்டி கேசட். ஒன்றில் நம் குரல் இருக்கும், மற்றதில் கூப்பிட்டவர்களின் குரல் பதிவாகும். இப்போது என் கைப்பேசியில் ஒரு குரல் சேதியை அழிக்கப் போனால் ‘நிச்சயமாக அழிக்கவா?’ என்று அது என்னைக் கேட்கிறது. அந்தப் பெட்டிக்கு இந்த மரியாதையெல்லாம் தெரியாது. அழிக்கிற பட்டனை அழுத்திப் பிடித்தால் டேப் மொத்தமும் போகும். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழிக்க வழி கிடையாது.

என் குரலைப் பதிவு செய்யச் சொன்னார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு, “வணக்கம். இப்போது அலுவலகத்தில் யாரும் இல்லை” என்று ஆரம்பித்தேன். முதலாளி பாய்ந்து வந்து பெட்டியை நிறுத்தினார்.

“ஏம்மா, என் கம்பெனியில யாரும் இல்லன்னு ஊருக்கே டமாரம் அடிக்கியா?”

அவரே அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டார் என்பதை நான் சுட்டிக்காட்டவில்லை. “எல்லாரும் வெளியே போயிருக்கிறார்கள்” என்று மாற்றினேன். போனவர்கள் என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டு அதையும் தள்ளினார். கடைசியில் அவரே யோசித்துச் சொன்ன வாசகம் இது: “வணக்கம். எல்லாரும் இருக்கிறார்கள். சத்தம் கேட்டதும் சேதியைச் சொல்லுங்கள்.” போட்டுக் கேட்டார். முகம் மலர்ந்தது. பெட்டிக்குச் சந்தனம், குங்குமம் வைத்து அன்றைக்கே வேலைக்குச் சேர்த்துக்கொண்டோம்.

அதற்குப் பிறகு நடந்ததற்கு, எங்களோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்த சுற்றுப்பட்டு ஊர்க்காரர்களைக் குறை சொல்ல முடியாது. எல்லாரும் இருக்கிறார்கள் என்று ஒரு பெண் பிள்ளை வாய் நிறையச் சொல்கிறது. எனவே யாராவது வருவார்கள் என்று அவர்கள் காத்திருந்தார்கள். மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை முதலாளி ஆபீஸைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு சாப்பிட்டுத் தூங்கப் போய்விடுவார். நான் பின்பக்கம் துணி சுருட்டும் பெண்களோடு உட்கார்ந்து தயிர்ச்சோறு சாப்பிடுவேன். பூட்டிய அறைக்குள் டெலிபோன் அடிக்கும். என் குரலே எல்லாரும் இருப்பதாக அடித்துச் சொல்லும். இங்கே எனக்குச் சோறு இறங்காது.

மூன்று மணிக்கு வந்து டேப்பைப் போட்டுக் கேட்டு, சேதி நோட்டில் எழுத வேண்டும். சேதி எங்கே இருந்தது? சேத்தூர்க்காரர் ஒருவர் மூன்று நிமிஷம் மூச்சு விட்டிருப்பார். நடுவில் யாரிடமோ, “மாட்டை அவுத்துக் கட்டு, நான் போன்ல இருக்கேன்” என்று சத்தம் போட்டிருப்பார். வ. புதுப்பட்டியிலிருந்து ஒருவர், “எல்லாரும் இருக்காகளாம், ஒருத்தன் வரமாட்டேங்கான்” என்று எஸ்.டி.டி பூத்துக்காரரிடம் என் மேல் பிராது கொடுத்திருப்பார். நோட்டில் என்ன எழுதுவது? ‘சேத்தூர்க்காரர், சும்மா இருந்தார்’ என்று எழுதுவேன். சாயந்திரம் பஸ்ஸுக்குக் கிளம்புமுன் டேப்பை அழித்துவிட்டுப் போவேன். மகாராஜபுரத்திலிருந்து ஒருவர் நேரிலேயே வந்துவிட்டார். “அம்புட்டு பேரும் உள்ள இருந்துக்கிட்டு என்னயக் காக்க வச்சா என்னம்மா மரியாதை அது?” என்று கேட்டார். ஆபீஸில் யாருமே இல்லை என்று அவரிடம் சொல்லவும் எனக்கு அனுமதி கிடையாது. காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

காத்திருக்கிறவர்கள் தங்களை யாரும் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டுதான் பேசுகிறார்கள். இது தெரிந்தும், எனக்கு ஒருநாள் இந்தப் பெட்டியால் வினை வரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

என்னைப் பெண் பார்க்க நாலாவதாக வந்தவர்கள் கோவில்பட்டிக்காரர்கள். மாப்பிள்ளை தன் மாமாவின் இரும்புக் கடையில் இருந்தார். வந்த அன்று ஒரே ஒரு வார்த்தை பேசினார். காப்பியை இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா என்று அம்மா கேட்டதற்கு, “போதும்” என்றார். அடக்கமான பையன் என்று அப்பாவுக்குப் பிடித்துவிட்டது. எங்கள் வீட்டில் போன் கிடையாது. பதில் சொல்ல என் ஆபீஸ் நம்பரை எழுதிக் கொடுத்தார் அப்பா. அவர்களும் கடை நம்பரை ஜாதகத்தின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார்கள்.

அப்பா ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தா. முப்பது வருஷமாகச் சாட்சி, அத்தாட்சி என்று புழங்கிப் பழகியவர். பால் திரிந்துவிட்டது என்று அம்மா சொன்னால்கூட, “பாத்தது யாரு?” என்பார். போன வருஷத்து ரேஷன் சீட்டைக்கூடக் கிழித்துப் போடமாட்டார். இந்த இடம் தவறக் கூடாது என்பதில் மட்டும் அவர் அத்தாட்சி எதுவும் கேட்கவில்லை. எனக்குப் பின்னால் ஒரு தங்கை இருந்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா காலண்டரில் நல்ல நேரம் பார்த்துத்தான் கூப்பிட்டிருக்கிறார். அந்த நல்ல நேரம் எங்கள் முதலாளி தூங்குகிற நேரமாக அமைந்துவிட்டது. அது ஒரு புதன்கிழமை. மூன்று மணிக்கு டேப்பைப் போட்டேன். முதலில் யாரோ ஒருவர் அரைக் கிலோ ஆணி கேட்டார். இரும்புக் கடை என்று புரிந்தது, நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“எல்லாரும் இருக்காகளாம். செத்த நேரம் பொறு, யாராச்சும் வருவாக” என்றது அந்த அம்மாவின் குரல். சற்றுத் தள்ளி ஓர் ஆண் குரல் கேட்டது.

“அம்மா, வேண்டாம்மா. எம்புட்டு தடவ சொல்லுதது? எனக்கு இந்த இடம் வேண்டாம். எதுக்கு வேண்டாங்கேன்னு ஒனக்கே தெரியும்.”

“அந்தப் பேச்ச எடுக்காதலே. இவிய கோர்ட்டு குமாஸ்தா வீடு, கவுரவத்துக்குப் பயந்தவிய. நாளப்பின்ன ஒரு சண்ட சச்சரவுன்னு வாசல்ல வந்து நிக்கமாட்டாக. பொண்ணும் அமைதியாத் தெரியுது.”

தராசுத் தட்டு மோதும் சத்தம் கேட்டது. பிறகு அவர் சொன்னார்: “நீ சொன்னா தாலி கட்டுதேன். அம்புட்டுதான். பொறவு என்னய எதுவும் கேக்கப்பிடாது.”

அதற்குள் அந்த அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. தொண்டையில் தேனைத் தடவிக்கொண்டு, “அண்ணே, நல்ல சேதி. எங்களுக்குப் பூரண சம்மதம். மேக்கொண்டு ஆக வேண்டியதப் பாருங்க” என்று சொல்லி வைத்துவிட்டார்.

சம்மதமும் மறுப்பும் ஒரே சேதியில், நாலு நிமிஷத்துக்குள். நோட்டை எடுத்து ‘கோவில்பட்டி’ என்று எழுதினேன். அதற்கு மேல் என்ன எழுதுவதென்று தெரியாமல் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

அன்று சாயந்திரம் டேப்பை அழிக்கவில்லை. மறுநாளும் அழிக்கவில்லை. வீட்டில் எதுவும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை டேப் நிறைந்து, ஒரு சேத்தூர்க்காரர் பாதிப் பெருமூச்சில் அறுந்து நின்றார். “ஏம்மா, பெட்டியைக் காலி பண்ணலயா? நாளைக்குள்ள பண்ணிரு” என்றார் முதலாளி. சனிக்கிழமை கோர்ட் விடுமுறை. ஒரு விஷயம் கேட்க வேண்டும், வாருங்கள் என்று அப்பாவை ராஜபாளையத்துக்குக் கூட்டிவந்தேன். முதலாளி தறிக்கூடத்தில் இருந்தார். அப்பாவை என் நாற்காலியில் உட்காரவைத்து டேப்பைப் போட்டேன்.

கேட்டு முடித்ததும், “மறுபடி போடு” என்றார். போட்டேன். மூன்றாம் தடவையும் போடச் சொன்னார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார்.

“அந்தப் பையன் இத நம்மகிட்டயா சொன்னான்? அவன் அம்மாகிட்ட சொன்னான். நம்மகிட்ட வந்து சேந்தது சம்மதம் மட்டுந்தான்.”

“அப்ப நாம கேட்டதுப்பா?”

“கேக்கலன்னு வச்சுக்க.”

“கேட்டமே.”

“அழிச்சிரு தாயி” என்றார். “கல்யாணத்துக்கு முந்தி அப்பிடித்தான் பேசுவானுக. ஒனக்குப் பின்னால ஒருத்தி நிக்கா.”

ரேஷன் சீட்டைக்கூடக் கிழிக்காத மனுஷன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. ஆனால் அவர் கண்ணாடியைத் தலைகீழாக மாட்டப் பார்த்தார். பார்க்கப் பாவமாக இருந்தது. கோபப்படுகிற நேரத்தில் பாவப்படவும் வைத்துவிட்டாரே என்று இன்னும் கோபம் வந்தது. “நீங்க வீட்டுக்குப் போங்கப்பா, நான் அழிச்சிட்டுச் சாயந்திரம் வாரேன்” என்றேன். தலையாட்டிக்கொண்டே எழுந்து போனார்.

அழிக்கிற பட்டன் மேல் விரலை வைத்தேன். அமுக்கினால் ஒரு மாதத்தில் எனக்குக் கல்யாணம் ஆகிவிடும், அம்மாவும் தங்கையும் தெருவும் நிம்மதியாகத் தூங்கும். பிறகு ஆயுசு முழுக்க, எதுவும் கேட்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்ட ஒரு மனுஷனோடு நான் இருக்க வேண்டும். விரலை எடுத்தேன். ஜாதகத்தின் பின்பக்கத்திலிருந்து குறித்துவைத்திருந்த கடை நம்பரைச் சுழற்றினேன்.

எடுத்தது அவர்தான். டேப்பில் பல தடவை கேட்ட குரல். நேரில் ‘போதும்’ மட்டுமே கேட்டிருந்தேன்.

“ராஜபாளையத்துல இருந்து பேசுறேன். ஸ்ரீவில்லிபுத்தூர் குமாஸ்தா பொண்ணு” என்றேன்.

“அம்மாவக் கூப்பிடட்டுமா?” என்றார்.

“வேண்டாம். உங்ககிட்ட சொன்னாப் போதும். எங்களுக்குச் சம்மதம் இல்லை.”

அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்ததால் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

“நெசமாவா?” என்றார். நெசந்தான் என்றேன்.

“ரொம்ப நன்றிங்க” என்றார். “நீங்க நல்லா இருப்பீங்க.”

சந்தோஷம் அந்தக் குரலில் வழிந்தது. வேண்டாம் என்று சொன்னது நான்தான். இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும், அந்த நன்றி வலித்தது. என்னைக் கட்டாமல் தப்பித்ததற்கு ஒரு மனிதன் இவ்வளவு சந்தோஷப்பட வேண்டுமா?

ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினால் வாசலில் முதலாளி நிற்கிறார், முகத்தில் ஈயாடவில்லை. “இந்த ஆபீஸ்ல வச்சு என்னம்மா சொன்ன?” என்றார். கல்யாணம் நின்றதைச் சொன்னேன். அவருக்கு அது காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. மேஜைக்கும் பெட்டிக்கும் சூடம் காட்டச் சொன்னார். காட்டினேன். பிறகு பட்டனை அழுத்திப் பிடித்து, கோவில்பட்டி, சேத்தூர் என எல்லாரையும் ஒன்றாக அழித்துவிட்டு பஸ் ஏறினேன்.

வீட்டு வாசலில் அப்பா நின்றுகொண்டிருந்தார்.

“அழிச்சிட்டியா?”

“அழிச்சிட்டேன்ப்பா. அதுக்கு முந்தி, வேண்டாம்னு அவியளுக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேன்.”

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். பழக்க தோஷம், “சாட்சி யாரு?” என்றார். சாட்சி இல்லையென்றால் இல்லாததாக்கிவிடலாம் என்று ஒரு நப்பாசை.

“மொதலாளி கேட்டாரு.”

“அந்தப் பையன் என்ன சொன்னான்?”

“ரொம்ப நன்றின்னு சொன்னாருப்பா.”

அப்பாவின் முகம் என்னவோ போல் ஆகிவிட்டது. சம்மதம் வந்த சேதியை மட்டும் அவர் வீட்டில் சொல்லியிருந்தார் போலிருக்கிறது; உள்ளே அடுப்படியில் அம்மாவும் தங்கையும் தாம்பூலத் தட்டுகளைப் புளி போட்டு விளக்கிக்கொண்டிருந்தார்கள். அப்பா நேராக அங்கே போனார். நான் பின்னாலேயே போய் நிலைப்படியில் நின்றேன்.

“அந்தத் தட்ட எல்லாம் எடுத்து உள்ள வை” என்றார் அம்மாவிடம். “கோவில்பட்டி இடம் வேண்டாம்னு நான்தான் சொல்லச் சொன்னேன்.”