இருமிய இன்ஜினும் காலைப் பெரட்டும்

இருபத்தாறு வருடங்களாகச் சிறிய விமானங்களுக்கு இன்ஜின் வேலை பார்க்கிறேன். ஒரே ஒரு தடவைதான் என் லைசன்ஸ் போகப் பார்த்தது. அதை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

1. கடிதம்

இரண்டு இருக்கை விமானம் ஒன்றைச் சொந்தமாக வைத்திருந்த பதுளை முதலாளி ஒருவர், ஒரு காலையில் அப்புத்தளை மலைக்கு மேலே மேகத்தை ஒட்டிப் பறந்திருக்கிறார். இன்ஜின் பவர் மெல்ல மெல்லக் குறைந்தது. உயரம் இழந்துகொண்டே போய், மொனராகலைப் பக்கம் கரும்பு வெட்டிய காணியில் இறக்கிவிட்டார். ஆளுக்குக் கீறல்கூட இல்லை. அங்கேயே போய் இன்ஜினைப் பிரித்துப் பார்த்தோம், அதிலும் ஒரு குறை இல்லை.

இன்ஜினில் குறை இல்லை என்றால் குற்றவாளி மெக்கானிக்தானே! மறுநாள் ஹேங்கரில் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, யாழ்ப்பாணத்துக்காரரான எங்கள் மேலாளர், என் லைசன்ஸைப் பறிக்கச் சொல்லித் தான் எழுதிய கடிதத்தை வாசித்தார். பெட்ரோலில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்காமல் விட்டேனாம்.

“காபரேட்டருக்குள்ள ஐஸ் கட்டியிருக்கும் சேர்.”

“ஐஸோ? மொனராகலை வெய்யிலிலை ஐஸ் எங்கையிருந்து காணும் வந்தது? தோட்டத்திலை வேலை செய்யிற மாதிரி இஞ்சை செய்யேலாது.”

பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் காபரேட்டர், பெட்ரோல் ஆவியாகும்போது சில்லிட்டுப்போகும். ஈரக்காற்று என்றால், வெளியே குளிரே இல்லாவிட்டாலும் உள்ளே ஐஸ் பிடித்துக் காற்றுவழியை அடைக்கும். சூடான இடத்தில் இறங்கியதும் உருகிவிடும், சாட்சிக்கு ஒன்றும் மிஞ்சாது. இதையெல்லாம் அவர் படித்துத்தான் பாஸாகியிருப்பார். ஆனால் நான் பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் லயத்தில் பிறந்தவன், அவருக்கு அது போதுமாக இருந்தது. என் அம்மா கொழுந்தெடுக்கப் போகும்முன் காலைப் பெரட்டில் வரிசையாக நின்று, பேர் கூப்பிடும்போது ஏச்சு வாங்கியவர். லைசன்ஸ் எடுத்த பிறகும் நான் அதே பெரட்டில்தான் நின்றேன்.

2. நொப்

விமானம் லொறியில் திரும்பி வந்தது. பனிமூட்டமான ஒரு காலையில் முதலாளியை உட்காரவைத்து, நான் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். தரையிலேயே இன்ஜினை மெதுவாக ஓடவிட்டோம். கொஞ்ச நேரத்தில் ஆர்.பி.எம். இறங்கத் தொடங்கியது.

“கார்ப் ஹீட்ட இழுங்க முதலாளி.”

காபரேட்டருக்குச் சூடான காற்றை அனுப்பும் நொப், இழுக்கிற குமிழ், அது. இழுத்தார். இன்ஜின் இருமியது, குலுங்கியது. அவர் கை சட்டென்று நொப்பை உள்ளே தள்ளிவிட்டது.

“ஏன் தள்ளுனீங்க?”

“இருமுதே பாஸ்! நின்னுட்டா?” எங்கள் பக்கம் மெக்கானிக்கையும் ‘பாஸ்’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

“அன்னைக்கும் தள்ளுனீங்களா?”

“ஆமாங்க. தள்ளிட்டேன். யாரும் கேக்கல, நானும் சொல்லல.”

மறுபடி இழுக்கச் சொல்லி, அவர் கையின்மேல் என் கையை வைத்துக்கொண்டேன். உருகிய ஐஸ் தண்ணீராக உள்ளே போகிறவரைக்கும் இன்ஜின் இருமியது. பிறகு ஆர்.பி.எம். ஏறியது.

3. வரிசை

முதலாளி இறங்கிப்போய் மேலாளரிடம் தானே சொன்னார். “சரி, கடிதத்தைக் கிழிச்சுப் போடுறன், விடும்” என்றார் மேலாளர் என்னிடம்.

“பெரட்டுல வாசிச்சத பெரட்டுலதான் சேர் திருப்பி எடுக்கணும்.”

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: கார்ப் ஹீட்டை முழுசாக இழுங்கள். இன்ஜின் இருமினால் பயந்து கையைத் தளர்த்தாதீர்கள். நியாயம் கேட்கும்போதும் அப்படித்தான்.

மறுநாள் காலை எல்லோரும் வரிசையில் நின்றோம். மேலாளர் தரையைப் பார்த்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார்.

“பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கல சேர்” என்றேன்.

இரண்டாவது தடவை எல்லோருக்கும் கேட்டது.