இடக்கைக்கு நாற்பத்தொரு செக்கன்

நீர்வேலியைச் சேர்ந்த உதயகலா தோட்டத்தில் வாழைக்குலை வெட்டும்போது கத்தி சறுக்கி அவளுடைய இடக்கைப் பெருவிரலின் அடியைப் பிளந்தது. ஆறு தையல், மூன்று மாத ஓய்வு. காயம் ஆறி, கார்மென்ற்ஸ் தொழிற்சாலையில் தன் தையல் மெசினுக்குத் திரும்பப் போனவளிடம் ஒரு கடிதத்தை நீட்டினார்கள். கைத்திறன் சோதனையில் தேறினால் மெசின், இல்லையென்றால் வீடு.

சோதனை நிலையம் கொக்குவிலில், ஒரு வீட்டின் முன்னறையில் இருந்தது. ஒன்பது துளைகள் உள்ள பலகை, ஒன்பது குச்சிகள். ஒவ்வொன்றாக எடுத்துச் செருகி, திரும்பக் கழற்ற வேண்டும். ஒரு கைக்கு இருபத்தைந்து செக்கன் வரை அனுமதி. பலகைக்கு மறுபக்கம் சோதகர் தேனுஜன், போனில் நேரத்தை ஓடவிட்டுக்கொண்டு இருந்தார்.

வலக்கை பதினெட்டு செக்கன். இடக்கை நாற்பத்தொன்று. மறுபடி செய்தாள், நாற்பத்திரண்டு. இன்னொரு தரம், நாற்பத்தொன்று.

"மூண்டு தரமும் கிட்டத்தட்ட ஒண்டுதான். நம்பகமான சோதனை அக்கா, பொய் சொல்லாது."

"வீட்டிலை வாழைக்குற்றியிலை ஓட்டை போட்டு, ஈர்க்கு குத்திப் பாத்தனான் சேர். இருபது செக்கன்தான்."

"ஆர் நேரம் பாத்தது?"

"என்ரை மகள்."

"ம்ம்" என்றார் தேனுஜன். அந்த ஒரு 'ம்ம்'மில் தாயும் மகளும் கூட்டுக் களவாணிகளாகிவிட்டார்கள். உதயகலாவோ அவருடைய போனைச் சந்தேகமாகப் பார்த்தாள். சீன போன். செக்கன் கொஞ்சம் அவசரமாக ஓடுமோ?

அந்த நேரம் தேத்தண்ணி வந்தது. வாங்குவதற்கு அவர் எழும்பி வாசலுக்குப் போனார். திரும்பிப் பார்த்தபோது ஒன்பது குச்சியும் துளைகளில் நின்றன.

"வலக்கையாலை வைச்சனீங்களோ?" குனிந்து மேசைக்குக் கீழேயும் பார்த்தார்.

உதயகலாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இடக்கையாலைதான்! நீங்கள் முன்னாலை இருக்கேக்கை இடக்கையை நீட்டினால், ஒரு பெரிய மனிசருக்கு இடக்கையாலை சாமான் குடுக்கிற மாதிரிக் கிடக்கு. வலக்கை தானாத் துணைக்கு எழும்புது. நீங்கள் அதை மேசையிலை வை எண்டு பேசுறியள். ரண்டு கையையும் மறிச்சு மறிச்சு நான் என்னெண்டு செருகிறது?"

"இது சும்மா குச்சி அக்கா."

"அப்ப இதிலை நான் இருக்கிறன், நீங்கள் வையுங்கோ பாப்பம். உங்கடை அம்மா முன்னாலை இருக்கிறா எண்டு நினைச்சுக்கொண்டு வையுங்கோ."

தேனுஜன் சிரித்துக்கொண்டே இடக்கையால் தொடங்கினார். நாளுக்குப் பத்துத் தரம் செய்து காட்டுகிறவர், பதினாறு செக்கனுக்கு மேல் போகாதவர். நாலாவது குச்சியில் அவருடைய வலக்கை மெல்ல எழும்பி இடது முழங்கையைத் தொட்டது. முப்பத்துமூன்று செக்கன்.

"சேருக்கும் வேலை இல்லை" என்றாள் உதயகலா.

சிரிப்பை நிறுத்திவிட்டு அவர் மேசையைச் சுவரோடு திருப்பிப் போட்டார். தான் பின்னால் நின்றார். இடக்கை பத்தொன்பது, இருபது, பத்தொன்பது. இதுவும் மூன்று தரமும் கிட்டத்தட்ட ஒன்றுதான், இதுவும் நம்பகமானதுதான். சான்றிதழில் ஒப்பமிட்டு, நேர்மையான மனிதர் ஆனபடியால் கீழே ஒரு வரியும் சேர்த்தார்: 'சுவரைப் பார்த்து இருத்திச் சோதிக்கப்பட்டது.'

கார்மென்ற்ஸ் மேற்பார்வையாளர் யதுசனை அந்த வரிதான் பிடித்துக்கொண்டது. "ஏன் சுவர்? என்னத்தை மறைச்சவை?"

எதற்கும் நேரில் பார்ப்பமே என்று, அவளுடைய மெசினுக்கு நேரே முன்னால் மணிக்கூட்டோடு வந்து நின்றார். துணியைத் தள்ளிக்கொடுத்த இடக்கை அவரை நோக்கி நீண்டது, தயங்கியது. ஒரு சட்டைப் பொக்கற் தைக்க இரண்டு பொக்கற்றின் நேரம் போயிற்று. யதுசன் பேனையைத் திறந்தார்.

"சேர், கோவிக்கக் கூடாது. ஒருக்கால் எனக்குப் பின்னாலை வந்து நில்லுங்கோ."

சந்தேகத்தோடுதான் போய் நின்றார். பொக்கற்றுகள் விழத் தொடங்கின. பத்து நிமிடம் எண்ணிப் பார்த்துவிட்டு, 'தகுதி' என்று எழுதினார்.

அன்று தொடக்கம் அந்த வரிசையில் மேற்பார்வை பின்னாலிருந்துதான் நடக்கிறது. எல்லோருக்கும் வேகம் கூடியிருக்கிறதாம். இடக்கைக்கு மரியாதைக் கூச்சம் விட்டது காரணமோ, யதுசனின் முகம் தெரியாதது காரணமோ, அதை அளக்கும் பலகை இன்னும் வரவில்லை.