ஜமால் மைதீன் டீ சொன்னால்

ஆயில் அளக்கும் கம்பியை உருவி, நுனியில் ஒட்டியதைக் கட்டைவிரலில் தேய்த்துப் பார்ப்பார் ஜமால் மைதீன். பால் ஊற்றியதுபோல் வெளுத்திருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம். பந்தல்குடி ரோட்டோரம் கார் ஷெட் வைத்திருப்பவர். மழைக்கு மறுநாள், ஓடையில் இறங்கி நின்றுபோன வண்டிகள் கயிறு கட்டி இழுபட்டு அவரிடம் வந்து சேரும். “எப்பவோ ஒருக்காத்தான் ஓடையில தண்ணி வருது. பாத்ததும் நம்மாளுக்குக் காலு நிக்க மாட்டேங்குது” என்று எல்லாருக்கும் அவரே வக்காலத்து வாங்குவார்.

வாய் ஓயாத மனுஷன். வேறு ஆள் பார்த்த ரிப்பேர் என்றால் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்துவிட்டுத்தான் ஸ்பானரைத் தொடுவார். கெட்ட சேதி சொல்ல மட்டும் அவருக்கு வாய் வராது. இஞ்சின் போய்விட்டது என்றால், “டீ சாப்புடுவோமா?” என்பார். அவ்வளவுதான். இது தெரியாத டிரைவர் இந்தப் பக்கம் இல்லை. பாவம், சும்மா இருக்கும்போது ஆசையாக அவர் டீ வாங்கிக் கொடுத்தால்கூட எவரும் தொடுவதில்லை.

அன்று வந்தது சுந்தரபாண்டியின் வாடகைக் கார். அது ஓடினால்தான் அந்த வீட்டில் உலை கொதிக்கும். கூட வந்த மனைவி துர்காதேவி, வண்டி நின்றதும் சாவியை உருவிக் கைக்குள் பொத்திக்கொண்டார்.

“தண்ணிக்குள்ள நின்ன பெறகு ஸ்டார்ட் பண்ணிப் பாத்தீகளா?”

“சாவியத் தொடவே இல்ல பாய்” என்றார் சுந்தரபாண்டி.

ஓட்டினவர் பேச்சை ஜமால் மைதீன் ஒருநாளும் நம்பியதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து வந்தவரைத்தான் கேட்பார்.

“நீங்க சொல்லுங்க தாயி.”

துர்காதேவி தயங்கினார். “கரையில ஊரே நின்னு வேடிக்க பாத்துச்சு பாய். இவுகளுக்கு மானம் போன மாதிரி ஆயிருச்சு. ரெண்டு தடவ திருப்புனாக. டொக்குன்னு சத்தம் வந்துச்சு. நாந்தான் கையப் புடிச்சுக்கிட்டேன்.”

சுந்தரபாண்டி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். என் வண்டிக்காக ஷெட்டில் காத்திருந்த எனக்கே பாவமாக இருந்தது.

ஜமால் மைதீன் பிளக்குகளைக் கழற்றினார். இஞ்சினில் ஸ்பானரை மாட்டிக் கையாலேயே மெல்லச் சுற்றினார். துளைகளிலிருந்து செந்தண்ணீர் பீய்ச்சி அவர் சட்டையை நனைத்தது. தண்ணீர் புகுந்த இஞ்சினை ஸ்டார்ட் செய்தால் உள்ளே பிஸ்டன் ராடு வளைந்துவிடும்; வளைந்திருந்தால் சுற்றும்போது எங்காவது இடிக்கும். காதைச் சாய்த்துக்கொண்டு மறுபடி சுற்றினார்.

துர்காதேவிக்குப் பொறுக்கவில்லை. “பாய், டீ சொல்லணுமா?”

“இப்ப எதுக்கு?”

பழைய ஆயிலை வடித்துப் புதிதாக ஊற்றினார். நனைந்த ஏர் பில்டரை மாற்றினார். பிளக்குகளைத் துடைத்து மாட்டிவிட்டு நிமிர்ந்தார். சுந்தரபாண்டி சாவிக்காக மனைவியிடம் கையை நீட்டினார். ஜமால் மைதீன் அந்தக் கையை மெல்லத் தள்ளிவிட்டு, டிரைவர் பக்கத்துக் கதவைத் துர்காதேவிக்குத் திறந்துவிட்டார்.