பின்னால் ரயில் தெரிய வேண்டும்

தாம்பரம் ஸ்டேஷனில் நிற்கிறேன். நண்பனிடம் இரவல் வாங்கிய சின்னக் கேமராவில் ஒரே ஒரு படம்தான் மிச்சம். முகம் மட்டும் பளிச்சென்று விழுந்து, பின்னால் இருப்பதெல்லாம் கரைந்துபோக வேண்டும் என்று ஆசை. பிளாட்பார நிழலில் நிற்கும், தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனிடம் ஒரு படம் எடுக்கலாமா என்று கேட்கிறேன். உடனே சீப்பை எடுக்கிறார். லென்ஸ் வளையத்தை 2.8க்குத் திருப்பிக்கொண்டு அவரை நெருங்குகிறேன்.

“பின்னாடி ரயில் வுழுதா சார்?”

“விழும். ஆனா மங்கலாத்தான் தெரியும். அதான் அழகு.”

“இன்னா சார், பேஜார் பண்றீங்க! ரயில்வே வேலைன்னா பொண்ணு வூட்டுல நம்பல, போட்டோ கேக்குறாங்க. ரயிலே தெரியலன்னா நான் யாரோ காக்கிச் சட்டைதானே?”

ரயிலும் தெளிவாக விழ, வளையத்தைப் பதினாறுக்குத் திருப்பிப் பத்தடி பின்வாங்குகிறேன். இனி ஷட்டர் மெதுவாகத்தான் மூடும். ஆளும் ஆடக்கூடாது, வண்டியும் ஆடக்கூடாது. அதற்குள் பின்னால் நின்ற ரயில் கிளம்பிவிடுகிறது. பேசியபடி காத்திருக்கிறோம். நான் ஏற வேண்டிய வண்டி அவருக்குப் பின்னால் வந்து நிற்கிறது.

“சார், செங்கல்பட்டு போவணும்னீங்களே, இதான்! ஓடிப் போய் ஏறுங்க!”

“ஆடாம நில்லுங்க” என்கிறேன்.