நாற்பத்திரண்டாம் திருத்தமும் லூர்துராணி டீச்சரும்

லூர்துராணி டீச்சருக்கு அரசியலமைப்பின் நாற்பத்திரண்டாம் திருத்தம் பிடிக்காது. எதிர்க்கட்சிக்காரர்களைச் சிறையில் போட்டுவிட்டு, மிச்சமிருந்தவர்கள் கை தூக்கி நிறைவேற்றியது என்பார். 1977 மே மாதம் அந்தத் திருத்தத்துக்காகத் திருச்சியில் சண்டை போட்டவர் அநேகமாக அவர் ஒருவர்தான். கொண்டுவந்தவர்களே டெல்லியில் ஆட்சியை இழந்து அதைப் பற்றிப் பேச்செடுக்காமல் இருந்த நேரம்.

பாலக்கரையில் ஒரு கத்தோலிக்கப் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் அவர் சமூகப் பாடம் நடத்தினார். சுதந்திரத்தைப் பற்றிய பாடந்தான்; நடத்திய விதத்தில் சுதந்திரம் அவ்வளவாக இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் ஞானோபதேச வகுப்பு எடுப்பவர் என்பதால் இங்கேயும் அதே முறை: அவர் கேள்வி கேட்பார், வகுப்பு எழுந்து நின்று ஒரே குரலில் பதில் சொல்லும். நெருக்கடி நிலை நடந்துகொண்டிருந்தபோதும், தெருப்பக்க ஜன்னலைச் சாத்தாமல், உயிருக்கும் உடல் சுதந்திரத்துக்கும் உள்ள உரிமையைப் பிள்ளைகள் முழங்கினார்கள். ஒருநாள் இருபத்தோராம் பிரிவைச் சொல்லி முடித்ததும் பழக்க தோஷத்தில் ஒரு பெண் ‘ஆமென்’ என்றாள். வகுப்பு சிரித்தது. இருக்கட்டும், இன்னைக்கு நிலைமைக்கு அதுவும் வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டு டீச்சர் அடுத்த பிரிவுக்குப் போனார்.

1977 ஜனவரியில் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. முகவுரையில் ‘ஜனநாயகக் குடியரசு’ என்பதற்கு முன்னால் ‘சமதர்ம’, ‘மதச்சார்பற்ற’ என்று இரண்டு சொற்கள் புதிதாக ஏறின. பாடப்புத்தகத்தில் பழைய வரிதான் இருந்தது. டீச்சர் செய்தித்தாளைப் பார்த்துப் புதிய வரியைக் கரும்பலகையில் எழுதி, பதினோராம் வகுப்பை மனப்பாடம் செய்ய வைத்தார். பிடிக்காததை எதற்கு நடத்துகிறார் என்று கேட்டவர்களுக்கு, நமக்குப் பிடிக்கவில்லை என்பதால் சட்டம் இல்லாமல் போய்விடாது என்று பதில் வந்தது.

தலைமையாசிரியை அமலராணி சிஸ்டர் கவலைப்பட்டார். எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்கு இரண்டே மாதம். புத்தகத்தில் உள்ளதை எழுதினால் போதுமே என்றார்.

“பூசை லத்தீன்லேருந்து தமிழுக்கு மாறினப்போ, கையில இருக்கறது பழைய புத்தகம்தானேன்னு லத்தீன்லயே சொல்லிக்கிட்டு இருந்தோமா, சிஸ்டர்?”

“மாத்தினது ரோம். அங்க யாரும் மார்க் போடல. இங்க மார்க் போடறது மெட்ராஸ்ம்மா.”

சிஸ்டரின் கவலைக்கு ஒரு பெயர் இருந்தது: பொன்னுத்தாய். லால்குடியிலிருந்து தினமும் ரயிலில் வருபவள். மற்ற பாடங்களில் எப்படியோ கரையேறுவாள்; சமூகப் பாடத்தில் அரையாண்டுக்கு அவள் வாங்கியது முப்பத்தாறு, தேற வேண்டியது முப்பத்தைந்து. தேறினால் ஆசிரியர் பயிற்சிக்கு அனுப்புவதாக அவள் அப்பா ஒத்துக்கொண்டிருந்தார். தவறினால் வயலுக்குப் போக வேண்டியதுதான்.

பரீட்சையில் முகவுரையைக் கேட்டேவிட்டார்கள், ஐந்து மதிப்பெண்ணுக்கு. வெளியே வந்த பிள்ளைகள் புதிய வரியைத்தான் எழுதினோம் என்று பெருமையாகச் சொன்னார்கள். பொன்னுத்தாய் ரயிலைப் பிடிக்க ஓடிவிட்டதால் அவளிடம் கேட்க முடியவில்லை. கேட்கத் தேவையும் இல்லை என்று டீச்சர் நினைத்துக்கொண்டார்.

மே மாதம் ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் விடைத்தாள் திருத்தும் முகாம். லூர்துராணியும் போனார். ஒரு மாவட்டத்துத் தாள்கள் வேறு மாவட்டத்துக்குப் போகும். எங்கே என்பது ரகசியம். அவருடைய பிள்ளைகளின் தாள்கள் எங்கோ யாரோ ஒருவர் கையில் இருந்தன. இவர் மேசைக்கு வந்தவை யாரோ பெற்ற பிள்ளைகளுடையவை. மதராஸிலிருந்து வந்த விடைக்குறிப்பு மட்டும் எல்லா ஊருக்கும் ஒன்று. அதில் பழைய வரி இருந்தது. மாற்றி எழுதியிருந்தால் பூஜ்யம்.

டீச்சர் எழுந்து முதன்மைத் தேர்வாளர் வெள்ளைச்சாமியிடம் போனார். தஞ்சாவூர்ப் பக்கத்துத் தலைமையாசிரியர். சண்டை பிடிக்காத மனிதர், அதைவிடத் தாமதம் பிடிக்காதவர். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“ஏன் டீச்சரம்மா, புது கவர்ன்மென்ட் அந்தத் திருத்தத்தையே தூக்கப்போறேன்னு சொல்லுது. இப்ப போயி அதுக்கு மார்க் கேக்கறீங்களே.”

“தூக்கட்டும் சார். நான் சந்தோஷப்படுவேன். தூக்கற வரைக்கும் அதுதான் சட்டம். சட்டத்தை எழுதின பிள்ளைக்கு முட்டை போட எனக்குக் கை வராது.”

அப்படியானால் என்ன செய்வதாக உத்தேசம் என்று அவர் கேட்டார். டீச்சர் சொல்லவில்லை, செய்தார். அந்த ஒரு கேள்வியை மட்டும் திருத்தாமல் மற்றதையெல்லாம் திருத்தி வைத்தார். கூட்டுத்தொகை போடாத தாளைக் கட்ட முடியாது. கட்டாத கட்டுக்கு முத்திரை வைக்க முடியாது. ஆசிரியர் சங்கத்தில் சேரச் சொல்லி வருஷாவருஷம் வருகிறவர்களை வாசலோடு அனுப்பிவிடுகிற அம்மாள், தனியாளாக ஒரு வேலைநிறுத்தத்தைத் தொடங்கியிருந்தார். அதுவும் வேலையை முக்கால்வாசி முடித்துவிட்டு.

மறுநாள் பக்கத்து மேசை கியாசுதீன் சாரும் அந்தக் கேள்வியை விட்டுவைத்தார். கொள்கையா என்று கேட்டதற்கு, அதெல்லாம் இல்லை, எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது, சந்தேகத்தோடு சிவப்பு மையைத் தொடுவதில்லை என்றார். சந்தேகம் கொள்கையைவிட வேகமாகப் பரவக்கூடியது. சாயங்காலத்துக்குள் சமூகப் பாட அறை முழுக்க முத்திரையில்லாத கட்டுகள். வேறு வழியில்லாமல் வெள்ளைச்சாமி மதராஸுக்கு ட்ரங்க் கால் போட்டார். கிடைக்கவே அரை நாளானது. அங்கே யார் யாரைக் கேட்டார்களோ, அடுத்த நாள் பதில் வந்தது: இரண்டு வரிக்கும் மதிப்பெண் தரலாம், எல்லா முகாமுக்கும் சொல்லியாகிறது.

வெள்ளைச்சாமி அறைக்குள் வந்து அதை அறிவித்துவிட்டு, டீச்சரைப் பார்த்து, “இப்பவாவது கூட்டல் போடுவீங்களா?” என்றார். அவர் ஏற்கனவே போட ஆரம்பித்திருந்தார்.

ஜூனில் மதிப்பெண் பட்டியல் வாங்கப் பொன்னுத்தாய் வந்தாள். சமூகப் பாடம் முப்பத்தெட்டு. தேறிவிட்டாள். நாலு நாள் சண்டையின் பலன் கண்ணெதிரே நிற்கிறது என்ற திருப்தியில் டீச்சர் கேட்டார்: “முகவுரை கேள்விக்கு நல்லா எழுதினியா?”

“எழுதினேன் டீச்சர். புத்தகத்துல இருக்கறதைத்தான் எழுதினேன்.”

டீச்சர் மதிப்பெண் பட்டியலைத் திரும்ப வாங்கிப் பார்த்தார். “நான் அவ்வளவு சொல்லியும் என்னை நம்பலையா?”

“உங்களை நம்பாம இருப்பேனா? திருத்தறவங்களும் உங்களை மாதிரியே இருப்பாங்கன்னுதான் நம்பல.”

புதிய வரி தெரியுமா என்று டீச்சர் கேட்டார். கேட்டு முடிப்பதற்குள் அவள் நிமிர்ந்து நின்று, ‘இந்திய மக்களாகிய நாம்’ என்று தொடங்கி, இரண்டு சொற்களையும் அதனதன் இடத்தில் வைத்து, ஒரு இடத்திலும் தடுக்காமல் ஒப்பித்தாள். டீச்சரால் திட்டவும் முடியவில்லை, மெச்சவும் முடியவில்லை. தன் வகுப்பில் சண்டை நடக்காவிட்டாலும் அந்த ஐந்து மதிப்பெண்ணை இழந்திருக்காத ஒரே பெண் அவள்தான் என்பதையும், சண்டையால் பிழைத்தவர்கள் முகந்தெரியாத ஊர்களில் இருக்கிறார்கள் என்பதையும் யோசித்துப் பார்த்திருப்பார் போல.

“ட்ரெயினிங் முடிச்சு டீச்சரா வந்தா, எந்த வரியைச் சொல்லிக் கொடுப்பே?”

“புதுசைத்தான். ஆனா பரீட்சையில எதை எழுதறதுங்கறது பிள்ளைங்க இஷ்டம் டீச்சர்.”

அந்தப் பதிலில் டீச்சருக்குச் சம்மதமில்லை. புதிய பதினோராம் வகுப்புக்குப் பாடப்புத்தகம் வந்தபோது அதில் பழைய வரிதான் இருந்தது. முதல் வகுப்பிலேயே எல்லாரையும் பேனாவை எடுத்து அவரவர் புத்தகத்தில் வரியைத் திருத்தச் சொன்னார். சொல்லிவிட்டு, திருத்தாமல் ஒருத்தியும் வெளியே போகாதபடிக்குக் கதவுக்குக் குறுக்கே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.