இரண்டு கை ஓட்டிய படகு

“ஒரே ஒரு பீரியடு குடுத்தா பள்ளிக்கூடம் இடிஞ்சா விழுந்துடும்?”

தலைமையாசிரியையின் முகத்துக்கு நேரே இப்படிக் கத்திவிட்டாள் கணக்கு டீச்சர். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். பேச ஆளில்லாத வீட்டில் தேங்கிக் கிடந்த பேச்சு, வெளியே வந்தால் இப்படித்தான் கொட்டும்.

“விழாதும்மா. பிள்ளைங்க பின்னம் படிக்கணும். கேம் ஆடவா அப்பன் ஆத்தா அனுப்புறாங்க? சரி, நாளைக்கு ஒரு பீரியடு. சரிப்படலேன்னா மூட்டை கட்டிடணும்.”

அம்மா போய்ச் சேர்ந்ததிலிருந்து டீச்சருக்கு, பின்னம் சொல்லித்தர அவளே உருவாக்கிய அந்த கேம்தான் துணை. பள்ளி விட்டு வந்து கதவைச் சாத்திக் கம்ப்யூட்டர் முன்னால் வீட்டிலிருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தால் சோறு ஆறுவதுகூடத் தெரியாது. சாப்பிட்டியா என்று கேட்க ஒரு நாதி கிடையாது. திரையில் ஒரு படகு. ஒரு பிள்ளை அதில் கால் பங்கு சரக்கு ஏற்றினால் பக்கத்துப் பிள்ளை முக்கால் பங்கு ஏற்ற வேண்டும். இருவரும் ஒரே நொடியில் பட்டனை அழுத்த வேண்டும். பிசகினால் படகு கவிழும். அவள் ஆடியபோது ஒரு தடவைகூடக் கவிழ்ந்ததில்லை.

மறுநாள் வகுப்பில் எல்லாப் படகும் கவிழ்ந்தது.

“நீதான்டி முந்திட்ட!”

“தூங்குனது நீ, என்னைச் சொல்றியா எருமை?”

கணக்கு சரியாகப் போட்டவள்கூட அழுதாள். வகுப்பு சந்தைக்கடையானது. தலைமையாசிரியை வந்து எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னாள்.

மாலையில் பிள்ளைகள் போனபின் அவளே வந்து டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்தாள். “எங்கே, என்னதான் பண்ணி வச்சிருக்கேன்னு பாக்குறேன்.”

இருவரும் ஆடினார்கள். பின்னம் சரி, படகு கவிழ்ந்தது. மறுபடியும் கவிழ்ந்தது.

“ஏம்மா, இதை யாரோட சேந்து ஆடிப் பாத்தே?”

டீச்சர் தன் விரல்களைப் பார்த்தாள். “யாரோடயும் இல்ல மேடம். இடது கை ஒரு பிள்ளை, வலது கை ஒரு பிள்ளை.”

ஒருத்தியின் இரண்டு கையும் சொல்லிவைத்த மாதிரி அழுத்தும். இரண்டு பிள்ளைகள் எங்கே அப்படி அழுத்தும்? பக்கத்தில் ஒரு ஆள் இருந்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

தலைமையாசிரியைக்கு வந்த சிரிப்பு பாதியில் நின்றது. “அடிப்பாவி. ஒருத்தி ஏத்திட்டா, இன்னொருத்தி வர்ற வரைக்கும் படகு காத்துக்கிட்டு நிக்காதா?”

“நிக்க வைக்கலாம் மேடம். மாத்திடுறேன்.”

“மாத்திட்டு நீயே ஆடி நீயே ஜெயிக்காதே. சனிக்கிழமை உன் வீட்டுக்கு வரேன். எனக்கும் வீட்டுல வெட்டி முறிக்கிற வேலை ஒண்ணும் இல்ல. கவிழலேன்னா மறுபடியும் பீரியடு தரேன். உக்கார இடம் இருக்குல்ல?”

“இருக்கு மேடம்” என்று கூசாமல் பொய் சொன்னாள்.

போகிற வழியில் பிளாஸ்டிக் கடையில் நின்றாள்.

“செட்டா எடுங்கக்கா, கொறச்சுத் தரேன்” என்றான் கடைக்காரன்.

“வர்றது ஒரு ஆளுப்பா.”

கை வைத்த நாற்காலியாகப் பார்த்து எடுத்தாள். பேரம் பேசவில்லை. அறுநூற்று ஐம்பது ரூபாய்.